பிரேக் இன்ஸ்பெக்டர் கடலோரம் போனார்

பிப்ரவரி 3, சனி. சிதம்பரம்

காலை ஐந்து ஐம்பதுக்குத் திண்டிவனத்திலிருந்து புறப்பட்டோம். ஐந்தரைக்கு என்பதுதான் திட்டம். இருபது நிமிடத் தாமதத்துக்கு என் மனைவி மங்கையர்க்கரசி பொறுப்பு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, காஸை மூடினோமா என்று பார்க்க இறங்கிப் போனாள். காஸ் திறந்துதான் இருந்தது என்பதையும் நேர்மைக்காக இங்கே குறித்துவைக்கிறேன். திறந்து வைத்தது நான் என்று அவள் சொல்கிறாள். அதற்குச் சாட்சி இல்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து போன ஜூனில் ஓய்வு பெற்றேன். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஏகாம்பரம் என்ற என் பெயரைத் தெரிந்தவர்களைவிட 'எட்டு ஏகாம்பரம்' என்று தெரிந்தவர்கள் அதிகம். லைசென்சுக்கு வருகிறவன் வண்டியில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் ஃபெயில். பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தாலும் ஃபெயில். இப்படி ஆயிரக்கணக்கானவர்களை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் நானே வண்டி எடுத்துக்கொண்டு விழுப்புரத்தைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் குறை தீரத்தான் ஓய்வு பெற்றதும் புல்லட் வாங்கினேன். அதில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடி வரைக்கும் போகிறோம்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இளவேனில் போன் செய்து, "பஸ்ல போகக் கூடாதாப்பா? அப்படி என்ன அவசரம் இப்போ?" என்று கேட்டாள். மார்ச் வந்தால் வெயில் ஏறிவிடும் என்று சொன்னேன். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

மரக்காணம் தாண்டியதும் கடல் வந்தது. தெற்கே போகிறவனுக்குக் கடல் எப்போதும் இடது பக்கம்தான். மிகத் துல்லியமாகத் தெரிந்தது. தூரத்துப் படகில் கட்டியிருந்த கொடியின் நிறத்தைக்கூடச் சொன்னேன், மங்கை ஆமாம் என்றாள். வலது பக்கத்தைப் பற்றிக் குறிப்பிட ஒன்றும் இல்லை.

புதுச்சேரியில் வண்டிகள் வலது பக்கத்திலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முளைக்கின்றன. ஒரு மணி நேரத்தில் நான்கு. நால்வரையுமே ஃபெயில் செய்திருப்பேன்.

மங்கை வழி நெடுகப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். "கடலூர் இருபத்திரண்டு." "முன்னால வேகத்தடை." "வேகத்தடைங்க." எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொன்னேன்.

"சும்மா படிச்சுப் பாக்கறேங்க. பின்னாடி ஒக்காந்து வர்றவளுக்குப் பொழுது போக வேணாமா?"

சரி, படிக்கட்டும்.


பிப்ரவரி 4, ஞாயிறு. தரங்கம்பாடி

தரங்கம்பாடியில் காற்று நன்றாக இருந்தது. கோட்டை மதில் ஓரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். மங்கை மாங்காய் தின்றாள். நான் டீ குடித்தேன். டீக்கடை மேசை நான் நினைத்ததைவிடக் குறுகலானது. கிளாஸை மேசையின் வலது ஓரத்தில் வைத்தேன், அங்கே மேசை இல்லை. கடைக்காரர் வருத்தப்படவில்லை. மங்கை தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் இல்லாத ஒரு பழக்கம் அவளுக்கு இந்தப் பயணத்தில் வந்திருக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது என் வலது தோளை லேசாகத் தட்டுகிறாள். பஸ்ஸோ லாரியோ எங்களை முந்துவதற்குச் சற்று முன்னால் ஒரு தட்டு. குறுக்குச் சாலை வந்தால் இரண்டு தட்டு. பிரியம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். கடற்காற்றுக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.


பிப்ரவரி 5, திங்கள். வேதாரண்யம்

இன்று ஒரு சிறிய சம்பவம். பெரிதுபடுத்தத் தேவையில்லாதது.

கோடியக்கரைக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், குவியல் குவியலாக உப்பு. பத்து மணி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை. இப்படிப்பட்ட இடத்தில் சாலையின் ஓரத்தைத் தெளிவாகக் குறிப்பது அவசியம் என்பது என் கருத்து. சாலை லேசாக இடது பக்கம் வளைந்தது. நான் வளையவில்லை. மங்கை தட்டினாள், பிறகு குத்தினாள், பிறகு "என்னங்க" என்றாள். அதற்குள் நாங்கள் ஒரு வரப்பின்மேல் போய்க்கொண்டிருந்தோம். கெட்டியான வரப்புதான். இருபதடி தூரம் நன்றாகவே போனோம். அதன் பிறகு பாத்திக்குள் இறங்கிவிட்டோம்.

அடி ஒன்றும் இல்லை. வண்டி முன்சக்கரம் பாதிவரை உப்புச் சேற்றில் நின்றது. நான் முழங்கால்வரை நின்றேன். மங்கை எப்படியோ வரப்பின்மேல் நின்றாள். எப்போது குதித்தாள் என்று தெரியவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் "மெதுவா, மெதுவா" என்று வழிகாட்டினேன். அவர்களில் மூத்தவள், தலையில் துண்டு கட்டியவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மங்கையிடம் கேட்டாள்.

"ஏம்மா, அண்ணனுக்குக் கண்ணு கிண்ணு தெரியாதா?"

மங்கை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கண்ணெல்லாம் நல்லாத் தெரியும். ரோடுதான் தெரியல" என்றாள்.

நால்வரும் சிரித்தார்கள். தக்க பதில் என்று எனக்கும் திருப்திதான்.

வண்டியை வேதாரண்யத்துக்குக் கொண்டுவந்து வாட்டர் சர்வீசில் விட்டோம். உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு அரித்துவிடும், மூன்று தடவை நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்ல வேண்டும், செயினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றெல்லாம் மங்கை அந்தக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். என்னோடு வாழ்ந்ததில் வந்த அறிவு.


பிப்ரவரி 6, செவ்வாய். தொண்டி

கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்பார்கள், ஆனால் எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

கட்டுமாவடி தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியவர் இளம் போலீஸ்காரர், மரியாதையானவர். "ஐயா, லைசென்ஸ் பாத்துக்கலாமா?" என்றார். பார்க்க வேண்டியதுதானே. பேப்பர் எல்லாம் மங்கையின் கைப்பையில். அவள் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஐயா, இதுல அம்மா போட்டோல்ல இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். மங்கையர்க்கரசி, கணவர் பெயர் ஏகாம்பரம், கியர் உள்ள இருசக்கர வாகனம். கொடுத்து இருபது வருடம் ஆகிறது. அவளுடைய அண்ணன் ஊர் அலுவலகத்து முத்திரை. நடுவில் முறையாகப் புதுப்பித்தும் இருக்கிறாள்.

என் லைசென்சைக் காட்டிவிட்டுக் கிளம்பினோம். நான்கு கிலோமீட்டர் போனோம். பிறகு ஒரு பாலத்தோரம் வண்டியை நிறுத்தினேன். கீழே உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இருபத்தொரு வருடத்துக்கு முன் மங்கை லைசென்சுக்கு விண்ணப்பித்து, என் முன்னாலேயே தேர்வுக்கு வந்து நின்றாள். வேறு ஆய்வாளரிடம் போகலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான்தான், என் மனைவி என்றால் என் கண் முன்னாலேயே போடட்டும் என்றேன். எட்டின் இரண்டாவது வளைவில் அவள் இடது கால் தரையில் பட்டது. அரை நொடி. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெயில் என்றேன். அலுவலகமே என் நேர்மையைப் பேசியது. அன்றைக்கு வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை. மறதி என்றே நினைத்தேன். அதற்கப்புறம் அவள் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

"ஆர்வமெல்லாம் போகல," என்றாள் மங்கை, பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு. "அண்ணன் வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்தேனே, அண்ணிக்கு ஒடம்பு சரியில்லன்னு. அப்பதான் எடுத்தேன். அண்ணிக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்தாங்க."

"எடுத்து என்ன பண்ணினே? நம்ம வீட்டுல வண்டியே இல்லியே அப்போ."

"எதிர் வீட்டு டீச்சர் ஸ்கூட்டர் காலையில சும்மாதான நிக்கும். நம்ம இளவேனிலையும் அவங்க பையனையும் நான்தான் கொண்டுபோயி விட்டேன். பன்னெண்டாவது வரைக்கும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "இளவேனில் ஆட்டோவுலதான போனா? அந்த ஆட்டோக்காரர் பேரென்ன, குப்புராஜ்."

மங்கை கடலைப் பார்த்தாள்.

"மங்கை. குப்புராஜ்?"

"அப்படி யாரும் இல்லைங்க."

குப்புராஜ் ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பொறுப்புள்ள ஓட்டுநருக்கு உதாரணமாக, அலுவலகத்துச் சாலைப் பாதுகாப்பு வாரப் பேச்சில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அரைக் கிலோ மைசூர்பாகு கட்டி மங்கையிடம் கொடுத்து அவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"அந்த மைசூர்பாகு?"

"நானும் இளவேனிலும் தின்னுடுவோம். நல்லா இருக்கும்."

மேற்கொண்டு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொண்டி வரைக்கும் பேசவில்லை. லாட்ஜில் வந்தும் பேசவில்லை. மங்கை பரோட்டா வாங்கி வந்தாள், சாப்பிட்டேன். சாப்பிடுவது பேசுவதில் சேராது.

நாளைக் காலையில் தோளில் தட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 7, புதன். தேவிபட்டினம்

இன்று எழுத ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 8, வியாழன். தேவிபட்டினம்

நேற்று எழுத நிறைய இருந்தது. இப்போது காலை பதினொரு மணி, மங்கை துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நேற்று ஏழு மணிக்குத் தொண்டியிலிருந்து கிளம்பினோம். நான் பேசவில்லை, அவள் தட்டவில்லை. பலகைகளையும் படிக்கவில்லை. சாலை காலியாக இருந்தது. கோபத்தில் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். ஒரு கிராமத்து முக்கில், வலது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நான் பார்க்கவில்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத வழி யோசித்தேன், வழி இல்லை. பார்க்கவில்லை. மங்கை கத்தினாள். நான் பிரேக் போட்டபோது சைக்கிள் என் முன்சக்கரத்துக்கு நேராக இருந்தது. அதை ஓட்டிவந்த அம்மாள் ஹாண்டிலை ஒடித்துத் திருப்பி, சாலையோரப் பள்ளத்துக்குள் போய் விழுந்தாள். நான் இடிக்கவில்லை. இடிக்காமல் போனது அவளால்தான்.

வண்டியை விட்டு இறங்கிச் சைக்கிளை நோக்கி ஓடினேன்.

அவள் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கை சிராய்த்திருந்தது, முழங்காலில் ரத்தம். பெயர் சவரியம்மாள் என்று பின்னால் தெரிந்தது. சேலையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏய்யா, இம்புட்டுப் பெரிய ரோட்டுல நான் ஒருத்திதானா ஒனக்குக் கெடச்சேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, நண்டு போகுது" என்றாள்.

சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கூடை கவிழ்ந்திருந்தது. உள்ளே இருந்த நண்டுகள் உயிரோடு சாலையில் நடந்துகொண்டிருந்தன. நீல நண்டுகள், உள்ளங்கை அகலம். எல்லாம் ஒரே முடிவோடு கடல் இருக்கிற திசைக்குப் போய்க்கொண்டிருந்தன. மூன்று பேரும் குனிந்து பிடிக்க ஆரம்பித்தோம். மங்கை பின்பக்கமாகப் போய், ஓட்டின் இரண்டு ஓரத்தையும் அழுத்தி லாவகமாக எடுத்துப் போட்டாள். சவரியம்மாள் ஒரு கையில் இரண்டு எடுத்தாள். நான் மூன்று நண்டுகளைப் பிடித்தேன். ஒரு நண்டு என்னைப் பிடித்தது. வலது பக்கமாக வந்த நண்டு அது.

கூடை நிறைந்தது. ஆனால் சைக்கிளின் முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது.

"ஒம்பது மணிக்கு வண்டி போயிரும்," என்றாள் சவரியம்மாள். நண்டு வாங்குகிற கம்பெனி வேன், ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு இடத்தில் நிற்குமாம். "செத்த நண்ட எவனும் தொட மாட்டான். இப்ப எப்புடி நான் போவேன்?"

நான் பாக்கெட்டில் சாவியைத் தேடினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. வண்டியில் மங்கை இருந்தாள்.

"ஏறுங்கம்மா," என்றாள். "கூடைய மடியில வச்சுக்குங்க. மூடிய அழுத்திப் பிடிங்க."

அவளுடைய கால் தரையில் எட்டுமா என்றுகூட எனக்குச் சந்தேகம். எட்டியது, நுனிக்கால். வண்டியைக் கிளப்பி, முதல் கியர் போட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் எடுத்தாள். சவரியம்மாள் திரும்பி என்னைப் பார்த்து, "சைக்கிள உருட்டிட்டு வாய்யா, நேரா வா" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஓரத்திலிருந்து சாலையில் ஏறும்போது மங்கை கை காட்டித்தான் ஏறினாள்.

நான் வளைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தில் சைக்கிளை உருட்டியபடி நடந்தேன். ஐந்து கிலோமீட்டர். ஒன்றேமுக்கால் மணி நேரம். கையிலே நண்டு கடித்த இடம் தெறித்தது. இடது பக்கம் கடல் கூடவே வந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களை நடக்க வைத்தவன் நான்.

நடக்கும்போது ஒரு காரியம் செய்தேன். இதை வீட்டில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல தடவை செய்திருக்கிறேன். வலது கண்ணைக் கையால் மூடினேன். சாலை, பனைமரம், கடல் எல்லாம் அப்படியே இருந்தன. கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். நடுவில் ஒரு துண்டு, ஓட்டை வழியாகப் பார்ப்பது போல. அதுவும் புகையாக. மற்றபடி ஒன்றும் இல்லை.

போன நவம்பரிலிருந்து இப்படி. அல்லது அதற்கு முன்னாலிருந்து. டிசம்பரில் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. தெரிந்த டாக்டர் ஒருவர் என்னோடு பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு எவனாவது அப்படி ஒரு சான்றிதழை என் மேசையில் வைத்திருந்தால் கிழித்து அவன் கையிலேயே கொடுத்திருப்பேன். ஒரு தடவை முழுசாக ஒரு பயணம் போய்விட்டு அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்த்தால் வண்டியை விடச் சொல்லிவிடுவார். அதனால்தான் மார்ச்சுக்கு முன்னால் கிளம்பினேன். வெயிலுக்காக இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வேன் போயிருந்தது. நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் சவரியம்மாளும் மங்கையும் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். சவரியம்மாளின் முழங்கையில் மருந்து போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்து நர்சிடம் மங்கையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் சவரியம்மாள் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்னோடதும்மா. எனக்கு வலது கண்ணு தெரியல. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

அவள் இட்லியை மென்று விழுங்கினாள். "தெரியலன்னா ஓட்டாத," என்றாள். "ஒம் பொண்டாட்டி நல்லா ஓட்டுது. அப்புறம் ஒனக்கு எதுக்கு அந்த வேல?"

அவ்வளவுதான். என் உத்தியோகக் காலத்தில் இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் எழுதியதில்லை.

சைக்கிளுக்கு அங்கேயே புதுச் சக்கரம் போடச் செய்து கொடுத்தோம். மங்கை என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"பொங்கலன்னிக்கு நான் வலது பக்கமா நின்னு பாயசம் நீட்டறேன். நீங்க 'மங்கை எங்க'ன்னு கேக்கறீங்க."

"தெரிஞ்சுமா பின்னாடி ஏறி ஒக்காந்தே?"

"வரலன்னா தனியாப் போயிருப்பீங்க. பின்னாடி ஒக்காந்தா ரெண்டு கண்ணாவது கூட வருமில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து தட்டாதன்னு சொன்னீங்க. எனக்கும் கோவம். வேணும்னே தட்டல. அந்தம்மா விழுந்ததுல எனக்கும் பாதி இருக்குங்க. அப்பலேருந்து அதையேதான் நெனச்சிட்டிருக்கேன்."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அழவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாதியெல்லாம் இல்லை, முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். குப்புராஜ் விஷயத்தையும் இதோடு நேர் செய்துகொள்ளலாம் என்றேன். அதற்குச் சிரித்தாள்.

புல்லட்டை எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, நான் பாங்குக்கும் ரேஷன் கடைக்கும் போகிற நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் எடுத்து ஓட்டுவாளாம். சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

தேவிபட்டினம் வரை நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பின்சீட்டு இவ்வளவு உயரம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்தேன், பிறகு முழங்காலைப் பிடித்தேன். கடைசியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். கிளட்சை இன்னும் கொஞ்சம் மெதுவாக விடலாம் என்று ஒரு தடவை சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தி, "நடந்து வர்றீங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் சொல்லவில்லை.


பிப்ரவரி 9, வெள்ளி. ராமநாதபுரம்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மங்கை வண்டியை நேராக அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்பே விசாரித்து வைத்திருக்கிறாள்.

டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள். சுவரில் எழுத்து அட்டை. முதலில் வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னார். அதையும் கடைசி வரி வரைக்கும் படித்தேன். டாக்டர் அட்டையை மாற்றினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

"மனப்பாடம் பண்ணாதீங்கய்யா," என்றார்.

பின்னால் மங்கை இருமினாள். இப்படி மனப்பாடம் செய்து ஒப்பித்த ஆட்களை நான் எத்தனையோ பேர் பிடித்திருக்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

என்னென்னவோ கருவிகளில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆனது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, நரம்பை மெல்ல அரித்திருக்கிறது. வலது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாற்றலாம். இடது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது, பார்வை இன்னும் கெடவில்லை. தினமும் சொட்டு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, ஆயுசு முழுக்க.

"இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா இடதும் போயிருக்கும்," என்றார் டாக்டர். "என்ன வேலை பாத்தீங்க?"

"லைசென்ஸ் கொடுக்கற வேலை."

அவர் பேனாவை மூடினார். "அப்ப மத்தத நான் சொல்ல வேண்டியதில்ல."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மங்கை என் தலையை அண்ணாந்து பிடித்து முதல் சொட்டை விட்டாள். எரிந்தது. வலது கண்ணுக்கு எதற்கு மருந்து, அது போய்விட்டதே என்றேன்.

"அதுவும் நம்ம கண்ணுதானே," என்றாள். "மூடுங்க. பேசாம ரெண்டு நிமிஷம் இருங்க."

இரண்டு நிமிடம் ஆன பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அதைப் பார்த்து அவள் தன் கையை என் கைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசல், எல்லாரும் பார்க்கிறார்கள், என்றாலும் எடுக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் இளவேனிலுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். பஸ்ஸில் வந்து சேருங்கள், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்றாள். அம்மாதான் ஓட்டுகிறாள் என்றேன்.

"அம்மாவா? அப்ப சரி," என்றாள்.


பிப்ரவரி 10, சனி. ராமேசுவரம்

பாம்பன் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. மங்கை வேகத்தைக் குறைத்து, ஓரமாக, ஒரே சீராகக் கொண்டுபோனாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். பாலம் முடிந்ததும் இருவரும் இறங்கி ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். அவள் இளநீரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பயமா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் நன்றாக இருந்தது என்றாள்.

மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போனோம். தனுஷ்கோடியிலிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் நேராக ஒரு சாலை, இரண்டு பக்கமும் கடல். எனக்கு இடது பக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பச்சையாக, வெயிலில் படுத்துக்கிடந்த கடல். நான் கழுத்தை முழுக்க வலது பக்கம் திருப்பிப் பார்க்க முயன்றேன். வண்டி ஆடியது.

"ஆடாம ஒக்காருங்க," என்றாள்.

"வலது பக்கம் எப்படி இருக்கு, அதையாவது சொல்லு."

"இந்த ஊர்ல அத ஆண் கடல்னு சொல்றாங்க. இடது பக்கம் இருக்கறது பெண் கடல்."

"சரி, பாக்க எப்படி இருக்கு?"

அவள் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சும்மா சத்தம் போட்டுட்டு இருக்குங்க. நீங்க பாக்கலன்னா ஒண்ணும் கொறஞ்சிடாது."

எதிர்க்காற்றில் நான் சிரித்தது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. முதுகு குலுங்கியதை வைத்துப் பார்த்தால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முனையில் அரை மணி நேரம் நின்றோம். காலை நனைத்தோம். மங்கை ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கிளம்பினோம்.

திரும்பி வரும்போது ஆண் கடல் என் இடது பக்கம் வந்துவிட்டது. முனையிலிருந்து வழியில் உள்ள கம்பிப்பாடு வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது சரிதான். சத்தம்தான்.